எஸ்ஏடி, ஏசிடி தேர்வுகளுக்கு இடையே தெரிவு

எஸ்ஏடி, ஏசிடி என்பன ஐக்கிய அமெரிக்காவில் இளநிலைப் பட்டப் படிப்பில் சேர விரும்பும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் இரு தரப்படுத்தப்பட்ட தேர்வுகள் ஆகும். நாடெங்கும் ஒரே விதிகளின்படி நடத்தப்பட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடப்படுவதால், வெவ்வேறு பள்ளிகளில் வெவ்வேறு முறையில் மதிப்பெண் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கல்லூரிகளுக்கு இவை பயன்படுகின்றன. எஸ்ஏடி தேர்வைக் காலேஜ் போர்டு என்னும் இலாப நோக்கற்ற அமைப்பும், ஏசிடி தேர்வை அதே பெயர் கொண்ட நிறுவனமும் நடத்துகின்றன. 2024 ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுள் சுமார் 19.7 இலட்சம் பேர் எஸ்ஏடி தேர்வையும், சுமார் 13.7 இலட்சம் பேர் ஏசிடி தேர்வையும் எழுதியிருந்தனர். இரண்டையும் எழுதியவர்களும் இவர்களுள் உண்டு.

தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கும் கல்லூரிகள் இவ்விரண்டில் எதனையும் வேறுபாடின்றி ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே எதை எழுதுவது என்ற முடிவு மாணவரிடமே விடப்படுகிறது. பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில் எடுக்கப்படும் இம்முடிவு, அவ்வாண்டின் பல மாதப் பயிற்சி எத்திசையில் செல்லும் என்பதையும், சில மாநிலங்களில் கல்வி உதவித்தொகை கிடைக்குமா என்பதையும் தீர்மானிக்கக் கூடியது. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் இரு தேர்வுகளும் பெரும் மாற்றத்துக்கு உள்ளானதால், இத்தெரிவு பற்றி முன்பு எழுதப்பட்ட வழிகாட்டி நூல்களுள் பல இப்போது பொருந்துவதில்லை.

வரலாறு

எஸ்ஏடி தேர்வு முதன்முதலில் 1926 ஜூன் 23 அன்று சுமார் 8,000 மாணவர்களுக்கு நடத்தப்பட்டது. முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்கு நடத்தப்பட்ட நுண்ணறிவுத் தேர்வுகளில் பணியாற்றியவரும், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளருமான கார்ல் பிரிகாம் இதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். பிரிகாம் 1923 இல் எழுதிய நூலொன்றில், இன அடிப்படையில் நுண்ணறிவு வேறுபடுகிறது என்று வாதிட்டிருந்தார். 1930 இல் அம்முடிவுகள் அடிப்படையற்றவை என்று அவரே மறுத்து எழுதினார். தேர்வு மட்டும் தொடர்ந்து வளர்ந்தது. 1930களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட், உதவித்தொகை பெறும் மாணவர்களைத் தெரிந்தெடுக்க இதனைப் பயன்படுத்தியது அவ்வளர்ச்சிக்குப் பெரிதும் துணை செய்தது.

ஏசிடி தேர்வு 1959 நவம்பரில் தொடங்கப்பட்டது. இதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் எவரெட் பிராங்க்ளின் லிண்ட்குவிஸ்ட் ஆவார். ஒருவரது பிறவித்திறனை அளப்பதாகச் சொல்லிக்கொண்ட எஸ்ஏடி தேர்வுக்கு மாற்றாக, பள்ளியில் உண்மையில் கற்றதை அளக்கும் ஒரு தேர்வு வேண்டும் என்பது அவரது கொள்கை. அதற்கேற்ப ஆங்கிலம், கணிதம், சமூக அறிவியல், இயற்கை அறிவியல் என்னும் நான்கு பகுதிகள் ஏசிடி தேர்வில் இடம்பெற்றன. 1989 இல் கடைசி இரண்டும் முறையே வாசிப்பு, அறிவியல் பகுத்தறிதல் என மாற்றப்பட்டன.

நீண்ட காலம் இத்தெரிவு நில எல்லைகளால் தீர்மானிக்கப்பட்டது. கிழக்கு, மேற்குக் கடற்கரை மாநிலங்களில் எஸ்ஏடி தேர்வும், நடுமேற்கு, தென் மாநிலங்களில் ஏசிடி தேர்வும் வழக்கிலிருந்தன. மாணவர் தம் ஊர்ப் பள்ளியில் நடத்தப்படும் தேர்வையே எழுதினார். 2007 இல் ஹார்வி மட் கல்லூரியும் ஏசிடி மதிப்பெண்ணை ஏற்கத் தொடங்கிய பின்னர், நாட்டின் நான்காண்டுக் கல்லூரிகள் அனைத்திலும் ஏசிடி செல்லுபடியானது. 2012 இல் ஏசிடி எழுதியோர் எண்ணிக்கை முதன்முறையாக எஸ்ஏடி எழுதியோர் எண்ணிக்கையை விஞ்சியது. 2018 இல் எஸ்ஏடி மீண்டும் முன்னிலை பெற்றது.

இதற்கிடையே இரு தேர்வுகளின் உள்ளடக்கமும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன் எஸ்ஏடி தேர்வைக் கைவிட வேண்டும் என 2001 இல் முன்மொழிந்ததை அடுத்து, சொல்லொப்புமை வினாக்கள் 2005 இல் நீக்கப்பட்டன. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கும் முறை 2016 இல் கைவிடப்பட்டது. 'ஆப்டிடியூட்' என்ற சொல் 1990களிலேயே எஸ்ஏடியின் பெயரிலிருந்து அகற்றப்பட்டது. இப்போது எஸ்ஏடி, ஏசிடி ஆகிய இரு பெயர்களும் எதன் சுருக்கமும் அல்ல. அவை வெறும் எழுத்துக்களே.

இன்றைய அமைப்பு

எஸ்ஏடி தேர்வு 2023 மார்ச்சு முதல் பிற நாடுகளிலும், 2024 மார்ச்சு முதல் ஐக்கிய அமெரிக்காவிலும் கணினிவழித் தேர்வாக நடத்தப்படுகிறது. மொத்த நேரம் 2 மணி 14 நிமிடம். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 54 வினாக்களும் (64 நிமிடம்), கணிதப் பகுதியில் 44 வினாக்களும் (70 நிமிடம்) உள்ளன. ஒவ்வொரு பகுதியும் இரு கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதற்கூற்றில் மாணவர் எவ்வாறு விடையளிக்கிறார் என்பதைப் பொறுத்து, இரண்டாம் கூறு எளிதாகவோ கடினமாகவோ அமையும். எளிதான இரண்டாம் கூறு அமையப் பெற்றவர், அதில் எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் அப்பகுதியின் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. எனவே முதற்கூற்றில் செய்யும் கவனப் பிழைகளின் விலை அதிகம். ஒவ்வொரு பகுதிக்கும் 200 முதல் 800 வரை, மொத்தம் 400 முதல் 1600 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது.

ஏசிடி தேர்வின் புதிய வடிவம் 2025 ஏப்ரலில் கணினிவழித் தேர்விலும், அதே ஆண்டு செப்டெம்பரில் தாள்வழித் தேர்விலும் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலம் (50 வினாக்கள், 35 நிமிடம்), கணிதம் (45 வினாக்கள், 50 நிமிடம்), வாசிப்பு (36 வினாக்கள், 40 நிமிடம்) ஆகிய மூன்றும் கட்டாயப் பகுதிகள். அறிவியல் (40 வினாக்கள், 40 நிமிடம்), கட்டுரை (40 நிமிடம்) ஆகியவை விருப்பப் பகுதிகள். வினாக்கள் மாணவரின் விடைகளுக்கேற்ப மாறுவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் 1 முதல் 36 வரை மதிப்பெண் அளிக்கப்பட்டு, கட்டாயப் பகுதிகளின் சராசரி கூட்டு மதிப்பெண்ணாக அறிவிக்கப்படுகிறது. திரையில் நெடுநேரம் வாசிக்கச் சிரமப்படும் மாணவருக்கு, தாளில் எழுதும் வாய்ப்பை ஏசிடி இன்னும் வைத்திருப்பது ஒரு முக்கிய வேறுபாடு. எஸ்ஏடியில் அவ்வாய்ப்பு, உடற்குறை முதலிய காரணங்களுக்காகச் சிறப்பு அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே உண்டு.

நேரமும் வேகமும்

உள்ளடக்கம் நெருங்கிவிட்ட நிலையில், இரு தேர்வுகளையும் பிரித்துக் காட்டுவது வேகமே ஆகும். மேற்கண்ட எண்களை வகுத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். எஸ்ஏடியின் வாசிப்பு, எழுத்துப் பகுதியில் ஒரு வினாவுக்குச் சராசரியாக 71 நொடியும், கணிதத்தில் 95 நொடியும் கிடைக்கின்றன. ஏசிடியின் ஆங்கிலப் பகுதியில் 42 நொடி, கணிதத்தில் 67 நொடி, வாசிப்பில் 67 நொடி, அறிவியலில் 60 நொடி. 2025 க்கு முந்தைய ஏசிடியில் இது இன்னும் குறைவு. ஆங்கிலத்துக்கு 36 நொடியும் வாசிப்புக்கு 53 நொடிக்குச் சற்றுக் குறைவாகவுமே கிடைத்தன. 1926 ஆம் ஆண்டின் முதல் எஸ்ஏடி தேர்வில் 97 நிமிடத்தில் 315 வினாக்கள், அதாவது வினாவுக்கு 19 நொடிக்கும் குறைவு. ஆக, இன்று நிதானமான தேர்வாகக் கருதப்படுவதே தொடக்கத்தில் ஓட்டப் பந்தயமாக இருந்தது.

நொடிக் கணக்கு மட்டும் முழுப் படத்தைத் தராது. எஸ்ஏடியில் 25 முதல் 150 சொற்கள் கொண்ட சிறு பத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வினா கேட்கப்படுகிறது. அடுத்த வினாவுக்கு வேறொரு பத்தியை, வேறொரு பொருளைப் பற்றிப் புதிதாக வாசிக்க வேண்டும். ஏசிடியில் நீண்ட பத்தி ஒன்றை வாசித்து, அதன்மீது தொடர்ந்து பல வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். கவனம் எளிதில் சிதறும் மாணவருக்கு முன்னது உதவுகிறது. ஒரு பொருளில் ஆழ்ந்துவிட்டால் விரைவாகச் செல்லக் கூடியவருக்குப் பின்னது ஏற்றது. எஸ்ஏடியின் வினாக்கள் எண்ணிக்கையில் குறைவெனினும், ஒவ்வொன்றும் சற்றுச் சுற்றி வளைத்துக் கேட்கப்படுபவை. ஏசிடியின் வினாக்கள் பெரும்பாலும் நேரடியானவை. நேரம் போதாமல் கடைசி வினாக்களை விட்டுவிடும் மாணவரும், நேரமிருந்தும் இரு விடைகளுக்கிடையே தடுமாறும் மாணவரும் ஒரே மதிப்பெண்ணைப் பெறலாம். ஆனால் முதலாமவர் எஸ்ஏடியையும், இரண்டாமவர் ஏசிடியையும் முயன்று பார்ப்பது பொருத்தமாகும்.

கணிதத்தின் எடை

பலராலும் கவனிக்கப்படாத வேறுபாடு இது. எஸ்ஏடியில் கணிதம் மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி. ஏசிடியில் அது மூன்றில் ஒரு பங்கு. 2025 க்கு முன்னர் நான்கில் ஒரு பங்காக இருந்தது. கணிதத்தில் மிகச் சிறந்து, ஆங்கிலத்தில் நடுத்தரமாக உள்ள மாணவருக்கு எஸ்ஏடியின் கணக்கு முறையே சாதகமானது. மொழித்திறன் மிக்க, கணிதத்தில் தயங்கும் மாணவருக்கு ஏசிடியில் இழப்பு குறைவு.

எஸ்ஏடி கணிதத்தில் இயற்கணிதமும் தரவுகளை ஆராய்தலும் மிகுதி. சுமார் கால் பங்கு வினாக்களுக்கு விருப்ப விடைகள் தரப்படுவதில்லை. மாணவரே விடையைக் கணித்து உள்ளிட வேண்டும். வாய்பாட்டுப் பட்டியல் தேர்விலேயே தரப்படுகிறது. வரைபடம் வரையும் டெஸ்மோஸ் கணிப்பான் மென்பொருளுடன் இணைக்கப்பட்டுள்ளது. ஏசிடி கணிதத்தில் அணிகள், மடக்கைகள், சிக்கலெண்கள் உட்படப் பாடப்பரப்பு சற்று விரிந்தது. வாய்பாடுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். மறுபுறம், எல்லா வினாக்களும் பல்தேர்வு வினாக்களே. புதிய வடிவில் விருப்ப விடைகளின் எண்ணிக்கை ஐந்திலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டுள்ளது.

அறிவியல் பகுதி

அறிவியலில் ஆர்வமுள்ளோர் ஏசிடி எழுத வேண்டும் என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் அறிவுரை. இது முன்னரும் முழு உண்மையன்று. ஏசிடியின் அறிவியல் பகுதி பாடநூல் அறிவைப் பெரிதும் சோதிப்பதில்லை. அட்டவணைகள், வரைபடங்கள், சோதனை விவரங்கள் ஆகியவற்றை விரைந்து வாசித்துப் பொருள் கொள்ளும் திறனையே சோதிக்கிறது. புதிய வடிவில் இப்பகுதி விருப்பத்துக்குரியதாகி, கூட்டு மதிப்பெண்ணிலும் சேர்வதில்லை. எடுத்துக்காட்டாக, ஆங்கிலத்தில் 30, கணிதத்தில் 27, வாசிப்பில் 33, அறிவியலில் 26 பெற்ற மாணவருக்குப் பழைய முறைப்படி கூட்டு மதிப்பெண் 29. புதிய முறைப்படி அது 30 ஆகும். அறிவியல் பகுதியைக் கண்டு ஏசிடியைத் தவிர்த்த மாணவர்களுக்கு இம்மாற்றம் ஒரு புதிய வழியைத் திறந்துள்ளது. எனினும் சில கல்லூரிகள் அறிவியல் மதிப்பெண்ணைக் கேட்கின்றன அல்லது பரிந்துரைக்கின்றன என்பதால், விண்ணப்பிக்கவிருக்கும் கல்லூரிகளின் விதிகளைப் பதிவு செய்யும் முன்னரே பார்த்துக்கொள்வது அவசியம்.

மதிப்பெண் ஒப்பீடு

இரு தேர்வுகளையும் நடத்தும் அமைப்புகள் இணைந்து 2018 இல் ஓர் ஒப்பீட்டு அட்டவணையை வெளியிட்டன. அதன்படி ஏசிடி 20 என்பது எஸ்ஏடியில் 1030 முதல் 1050 வரையிலான மதிப்பெண்ணுக்கு ஈடானது. அவ்வாறே 25 என்பது 1200 முதல் 1220 வரை, 29 என்பது 1330 முதல் 1350 வரை, 34 என்பது 1490 முதல் 1520 வரை, 36 என்பது 1570 முதல் 1600 வரை. இரண்டையும் எழுதிய மாணவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து உருவாக்கப்பட்டதே இவ்வட்டவணை. இது ஒரு மாணவர் மற்றத் தேர்வில் பெறக்கூடிய மதிப்பெண்ணை முன்னறிவிப்பதில்லை. இரு மதிப்பெண்களின் தரவரிசை ஏறத்தாழ ஒன்று என்பதை மட்டுமே கூறுகிறது. இரு தேர்வுகளின் வடிவமும் பின்னர் மாறிவிட்டதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

கல்லூரிகள் இவ்வட்டவணையைப் பின்பற்றினாலும், உதவித்தொகை விதிகளில் எப்போதும் அது கடைப்பிடிக்கப்பட்டதில்லை. புளோரிடா மாநிலத்தின் பிரைட் பியூச்சர்ஸ் உதவித்தொகை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முழுக் கல்விக் கட்டணத்தையும் ஈடுசெய்யும் அதன் முதல் நிலைக்கு, 2020 இல் பள்ளி முடித்தவர்கள் எஸ்ஏடியில் 1290 அல்லது ஏசிடியில் 29 பெற வேண்டியிருந்தது. ஒப்பீட்டு அட்டவணைப்படி 1290 என்பது ஏசிடி 27 க்கே ஈடானது. அதாவது அவ்வாண்டு மாணவர்களுக்கு எஸ்ஏடி வழியாகச் செல்வது இரண்டு புள்ளிகள் எளிதாக இருந்தது. 2021 இல் பள்ளி முடித்தவர்களுக்கு எஸ்ஏடி எல்லை 1330 ஆக உயர்த்தப்பட்டு இவ்வேறுபாடு நீக்கப்பட்டது. இரண்டும் சமம் என்ற பொதுக்கூற்றை மட்டும் நம்பி, தம் மாநில விதியைப் பார்க்காமல் ஏசிடி எழுதி 28 பெற்ற ஒருவர், நான்காண்டுக் கட்டணத்தின் ஒரு பகுதியை இழந்திருக்கக் கூடும்.

மாநிலங்களும் பள்ளிகளும்

பல மாநிலங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் பள்ளி நாளிலேயே, கட்டணமின்றி ஒரு தேர்வை நடத்துகின்றன. எந்தத் தேர்வு என்பது மாநில அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கொலராடோவும் இலினோயும் 2001 இல் ஏசிடியைத் தொடங்கி, 2017 இல் எஸ்ஏடிக்கு மாறின. இலினோய் 2025 இல் மீண்டும் ஏசிடிக்கே திரும்பியது. கட்டணமும் போக்குவரத்தும் சுமையாக உள்ள குடும்பங்களில், பள்ளி நடத்தும் தேர்வே பெரும்பாலும் மாணவர் எழுதும் ஒரே தேர்வாக அமைகிறது. அவர்களைப் பொறுத்தவரை தெரிவு என்பது பெயரளவிலானது.

பதினொன்றாம் வகுப்பில் எழுதப்படும் பிஎஸ்ஏடி தேர்வும் இம்முடிவைப் பாதிக்கிறது. நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு இதுவே நுழைவாயில். எஸ்ஏடியின் வடிவிலேயே இது அமைந்திருப்பதால், அவ்வுதவித்தொகையை எட்டும் நிலையிலுள்ள மாணவர் எஸ்ஏடிக்கே தயாராவது இயல்பு.

தெரிவு செய்யும் முறை

இரு தேர்வுகளின் முழு மாதிரித் தாளையும் உரிய நேரக் கட்டுப்பாட்டுடன், ஓரிரு வார இடைவெளியில் எழுதிப் பார்ப்பதே நம்பகமான வழி. எஸ்ஏடிக்குக் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏசிடி நிறுவனமும் இலவச மாதிரித் தாள்களை வழங்குகிறது. ஏசிடிக்கு 2025 க்கு முந்தைய தாள்களைப் பயன்படுத்தினால் நேரக் கணக்கு தவறாகிவிடும். பயிற்சி நிலையங்கள் வழங்கும் அரை மணி நேர 'எது உமக்கு ஏற்றது' வினாத்தாள்கள் இதற்கு ஈடாகா; களைப்பும் நேர நெருக்கடியும் இல்லாத நிலையில் இரு தேர்வுகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

பெற்ற மதிப்பெண்களை ஒப்பீட்டு அட்டவணையில் வைத்துப் பார்க்கும்போது, ஏசிடியில் ஒரு புள்ளி அல்லது எஸ்ஏடியில் 30 புள்ளிகள் அளவிலான வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதினாலே அவ்வளவு ஏற்ற இறக்கம் ஏற்படும். இரண்டு, மூன்று ஏசிடி புள்ளிகளுக்கு ஈடான வேறுபாடு தோன்றினால் முடிவு தெளிவாகிறது. வேறுபாடு இல்லையெனில், எத்தேர்வில் தவறிய வினாக்கள் பயிற்சியால் திருத்தக் கூடியவை என்று பார்க்க வேண்டும். மறந்துபோன இலக்கண விதியையோ வாய்பாட்டையோ சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். வாசிப்பு வேகத்தை அவ்வாறு கூட்டுவது கடினம்.

முடிவெடுத்த பின்னர் ஒரே தேர்வில் நிலைத்திருப்பதே சிறந்தது. இரண்டையும் எழுதினால் கல்லூரி வியப்படையும் என்பது தவறான எண்ணம். எழுதியவற்றுள் சிறந்த ஒன்றை அனுப்பினால் போதுமானது. மேலும் பல கல்லூரிகள் ஒரே தேர்வைப் பலமுறை எழுதியவரின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள உயர்ந்த மதிப்பெண்ணைச் சேர்த்துக் கணக்கிடுகின்றன. எஸ்ஏடியின் ஒரு பகுதியையும் ஏசிடியின் மற்றொரு பகுதியையும் இவ்வாறு இணைக்க இயலாது.

மதிப்பெண் கேட்காத கல்லூரிகள்

போடோயின் கல்லூரி 1969 இலேயே மதிப்பெண் அனுப்புவதை மாணவரின் விருப்பத்துக்கு விட்டது. 2020 இல் கொரோனாத் தொற்றால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது பெரும்பாலான கல்லூரிகள் இவ்வழியைப் பின்பற்றின. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. மறுபுறம் எம்ஐடி 2022 இலும், டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் ஆகியவை 2024 இலும் மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்குவதாக அறிவித்தன. வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வரும் திறமையான மாணவர்களை இனங்காண மதிப்பெண் உதவுகிறது என்பது டார்ட்மத் முன்வைத்த காரணங்களுள் ஒன்று. யேல் பல்கலைக்கழகம், ஏபி அல்லது ஐபி தேர்வு மதிப்பெண்களையும் மாற்றாக ஏற்பதாக அறிவித்தது.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்போர்

தமிழ்நாடு உள்ளிட்ட இந்திய மாநிலங்களிலிருந்து இளநிலைப் படிப்புக்கு அமெரிக்கா செல்ல விரும்பும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் இத்தேர்வுகளை எழுதுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவுக்கு வெளியே ஏசிடி 2018 செப்டெம்பர் முதல் கணினிவழியே நடத்தப்பட்டு வருகிறது. எனவே தாளில் எழுதலாம் என்ற வேறுபாடு இவர்களுக்குப் பொருந்துவதில்லை. ஜேஇஇ தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இரு தேர்வுகளின் கணிதமும் எளிதாகவே இருக்கும். கணிதத்துக்குப் பாதி எடை தரும் எஸ்ஏடி அவர்களுக்கு ஆதாயமானது. ஆனால் ஜேஇஇ, நீட் ஆகியவற்றில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படுவதால், உறுதியாகத் தெரியாத வினாவை விட்டுவிடும் பழக்கம் இம்மாணவர்களிடம் வேரூன்றியிருக்கும். எஸ்ஏடி, ஏசிடி இரண்டிலும் அத்தகைய கழிவு இல்லை. விடை தெரியாவிடினும் ஏதேனும் ஒன்றைக் குறித்துவிட வேண்டும். நேரம் முடியும் தறுவாயில் எஞ்சியுள்ள பல்தேர்வு வினாக்கள் அனைத்திலும் ஒரே எழுத்தைக் குறித்தால்கூட, நான்கில் ஒன்று சரியாக அமைய வாய்ப்புண்டு.